ஏழு தளங்களும் ஓர் அரை மணி நேரமும்

எனக்கு வயது முப்பத்திரண்டு. இந்த வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். ஆனால் பதினோரு ஆண்டுகள் ஒரே வேலையைச் செய்து, அந்த வேலை இனி இல்லை என்று ஆன பிறகு வேறு எந்தச் சொல்லைப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. சங்கரன்கோவிலில், சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி ஓடும் ஓர் அறையில் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களுக்காக இணையத்தில் கட்டுரை எழுதிக் கொடுத்தேன். போன சித்திரையோடு அது முடிந்தது. கட்டுரை கேட்டவர்கள் இயந்திரத்திடம் எழுதி வாங்கப் பழகிவிட்டார்கள். இப்போது ஒரு கல்லூரி அலுவலகத்தில் மாதச் சம்பளத்தில் இருக்கிறேன். இதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

எங்கள் பக்கத்து எழுத்துக்காரர்கள் சிலர் சேர்ந்த வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. கடையநல்லூர் ஷம்சாத் அதில் புதிதாகச் சேர்ந்தவள். கல்லூரி முடித்த கையோடு சொந்தமாக வலைப்பூ தொடங்கி, வெளி வேலையும் எடுக்கிறாள். அவள் குழுவில் குரல் பதிவு போட்டாள்.

“அக்கா, நீங்கதான் ரிட்டயர்டு ஆயிட்டீங்கள்லா, இனிமே ஒளிச்சு வச்சு என்ன செய்யப் போறீங்க? யூஸ்ஃபுல்லான சைட்டையெல்லாம் ஒரு லிஸ்டாப் போட்டு விடுங்க.”

பட்டியலை அனுப்பிவிட்டேன். ஆனால் அதன் முதல் வரி ஏன் அங்கே இருக்கிறது என்பதைக் குரல் பதிவில் சொல்ல முடியாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா இன்னொருவர் தறியில் நெய்தார். அம்மா அந்தத் தறிக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்தார். இருவருக்கும் வாசிக்கத் தெரியாது. ஆறாம் வகுப்பிலிருந்தே வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் நான்தான் வாசித்துச் சொல்வேன். கரண்ட் ஆபீஸ் காகிதமானாலும் கல்யாணப் பத்திரிகையானாலும் அம்மா அதை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வார். நான் சொல்வதுதான் அதில் எழுதியிருப்பது. அந்தப் பெருமை எனக்கு இருந்தது, இப்போதும் இருக்கிறது. எழுத்து வேலைக்கு வந்தபோது அதையும் கூடவே கொண்டுவந்தேன்.

முதல் இரண்டு ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு நிறுவனத்துக்கு நாளொன்றுக்குப் பத்துக் கட்டுரை. பெயர் வராது, எந்தத் தளத்தில் போடுகிறார்கள் என்றும் தெரியாது. அவர்கள் ஓர் அச்சு வைத்திருந்தார்கள்: தலைப்பில் ஓர் எண், ஐந்து உள்தலைப்பு, ஒவ்வோர் உள்தலைப்பின் கீழும் எவ்வளவு அல்லது எவ்வளவு நேரம் என்று இன்னோர் எண். எண் இல்லாவிட்டால் கட்டுரை திரும்பி வரும். காப்பிச் செடி நடுவது, முயல் வளர்ப்பது, ஏசி மெஷினைச் சுத்தம் செய்வது என்று நான் கண்ணால் பார்க்காத எல்லாவற்றைப் பற்றியும் எழுதினேன். திரும்பி வந்தவை மிகக் குறைவு. நான் வேகமானவள் என்று பெயர் எடுத்தேன்.

பிறகு பாளையங்கோட்டை பியூலா மேடத்திடம் சேர்ந்தேன். முன்பு ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். தன் வீட்டு மாடியிலிருந்து நான்கு பேரை வைத்து எழுத்து நிறுவனம் நடத்தினார். நாங்கள் எழுதுவதெல்லாம் பகிர்ந்த கோப்பில் இருக்கும். அவர் ஓரத்தில் குறிப்புப் போடுவார். நன்றாக இருக்கிறது என்று ஒருநாளும் எழுதியதில்லை. பெரும்பாலும் இரண்டே சொற்கள்: யார் சொன்னது? போனில் பேசினால் முதலில் சாப்பிட்டாச்சா என்று கேட்பார். என்னை ‘ஏட்டி’ என்று கூப்பிட்டால் வேலை ஒழுங்காகப் போகிறது என்று பொருள். ‘வாங்க, போங்க’ என்று மரியாதைக்கு மாறினால் தவறு நடந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை போனை எடுக்க மாட்டார்.

அவரிடம் ஓர் அட்டவணை உண்டு. கட்டுரையில் தகவல் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் அதில் ஏற்ற வேண்டும். முதல் கட்டத்தில் வாக்கியம். இரண்டாவதில் யார் சொன்னது. மூன்றாவதில் அவருக்கு அது எப்படித் தெரியும். நான்காவதில் அதை நீ எந்தத் தேதியில் பார்த்தாய். மூன்றாவது கட்டத்தை நிரப்பத்தான் பாதி நாள் போகும். ஷம்சாத் கேட்ட ‘யூஸ்ஃபுல்’ எல்லாம் அந்தக் கட்டத்துக்காக நான் கற்றுக்கொண்டவைதான். அழிந்துபோன வலைப்பக்கங்களின் பழைய நகலைச் சேர்த்து வைத்திருக்கும் காப்பகத் தளம். ஒரு குறிப்பிட்ட தேதிக்கு முன்னால் வெளிவந்ததை மட்டும் காட்டச் சொல்லும் தேடல் வசதி. ஒரு படத்தைக் கொடுத்தால் அது முதலில் எங்கே வந்தது என்று தேடித் தரும் தளம். இரண்டு கட்டுரைகளைப் பக்கத்தில் வைத்து ஒத்த வரிகளுக்கு நிறம் பூசும் கருவி. பல்கலைக்கழகங்கள் இலவசமாகப் போட்டிருக்கும் பயிர்க் கையேடுகள், அகராதிகள், அரசாணைகள். இவை எல்லாமே இலவசம்தான். எந்த வரிசையில் பயன்படுத்துவது என்பதைத்தான் மேடம் சொல்லித் தந்தார்: முதலில் கையேடு, அடுத்து தேடல், அதற்கடுத்து காப்பகம், எல்லாவற்றுக்கும் கடைசியில் அந்த வேலையைத் தன் கையால் செய்த ஓர் ஆள்.

நான் அங்கே சேர்ந்து ஐந்தாவது ஆண்டு அந்த வேலை வந்தது. இளையரசனேந்தல் பக்கம் வானம் பார்த்த பூமியில் பயிர் செய்யும் பெண்களுக்காக ஒரு தொண்டு அமைப்பு சிறு கையேடு போட விரும்பியது. விதை தேர்ந்தெடுப்பதிலிருந்து அறுவடை வரை. என் பெயர் அட்டையில் வரும் என்றார்கள். புரட்டாசி மழைக்கு முன்னால் பெண்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். கிணற்றுப் பாசனம் என்றால் விதைத்தது முளைக்காவிட்டால் மறுபடி விதைக்கலாம். அங்கே அப்படி இல்லை. மழையும் ஒருமுறைதான், விதையும் ஒருமுறைதான்.

உளுந்து விதை நேர்த்தி என்ற பகுதியில் ஒரு முறையைச் சேர்த்திருந்தேன். உப்புக் கரைத்த தண்ணீரில் விதையை அரை மணி நேரம் ஊற வைத்து, மிதப்பதைத் தள்ளிவிட்டு, மூழ்கியதை விதைப்பது. கையேடுகளில் அது இல்லை. ஆனால் தேடலில் ஏழு தளங்கள் அதைச் சொல்லின. ஏழும் அரை மணி நேரம் என்றன. இரண்டாவது கட்டத்தில் ஏழு இணைப்புகளையும் ஒட்டினேன். ஒரு வாக்கியத்துக்கு அத்தனை இணைப்பு நான் அதுவரை கொடுத்ததில்லை.

மறுநாள் ஓரக் குறிப்பில் வழக்கமான இரண்டு சொல்லுக்குப் பதிலாக ஒரு முழு வாக்கியம் இருந்தது: இது ஏழு ஆளா, ஏழு சட்டை போட்ட ஒரே ஆளா?

மூன்றாவது கட்டம் காலியாக இருந்ததால், கையால் செய்த ஆளையே முதலில் பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறினேன். அமைப்பு எனக்குச் செல்வியைக் காட்டியது. என் வயதுதான். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவள். மூன்று ஏக்கர் கரிசலைத் தனியாகப் பார்க்கிறாள், புருஷன் திருப்பூரில் இருக்கிறான். பதினான்கு பெண்கள் உள்ள குழுவுக்கு அவள்தான் தலைவி. வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து, விறகுக்குக் காய்ந்த பருத்தி மார் அடுக்கிக்கொண்டிருந்தாள். நோட்டும் பேனாவுமாகப் போன என்னை மேடம் என்று கூப்பிட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

உப்புத் தண்ணீர் முறை தெரியுமா என்று கேட்டேன். போன வருஷம் செய்ததாகச் சொன்னாள். எப்படி வந்தது என்றேன்.

“எங்கன வந்துச்சு? பாதிக்கு மேல முளைக்கல. எனக்கு மட்டுமில்ல, செஞ்ச ஆறு பேருக்கும் அதே கததான்.”

போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். பச்சைப் பின்னணி, ஓரத்தில் உளுந்துச் செடி, நடுவில் ஐந்து வரி. உப்பு, தண்ணீர், அரை மணி நேரம்.

“எவனோ படிச்ச பய எழுதிருக்கான் மேடம். நாமதான் சரியாச் செய்யலபோல. நான் அவசரத்துல இருவது நிமிசத்துலயே எடுத்துட்டேன். அதான் போச்சுன்னு எல்லாரும் சொல்லுதாங்க. இந்த வாட்டி பதினாலு பேரும் ஒரு மணி நேரம் ஊறப்போடுததா முடிவு பண்ணிருக்கோம்.”

நான் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். சந்தேகமாக இருக்கிறது, விசாரித்துச் சொல்கிறேன், அதுவரை எதையும் ஊறப் போட வேண்டாம் என்றேன். தலையாட்டினாள். என்னைவிட அந்தப் படத்தைத்தான் அவள் நம்பினாள் என்று தெரிந்தது. படத்தில் எண் இருந்தது, என்னிடம் இல்லை.

மறுநாள் காலை உட்கார்ந்தேன். செல்வி எனக்கு அனுப்பியிருந்த அந்தப் படத்தைத் தேடல் தளத்தில் போட்டேன். ஏழு தளங்களில் நான்காவதிலிருந்து வரிகளை எடுத்திருந்தார்கள். நிறம் பூசும் கருவியில் ஏழையும் போட்டேன். ஐந்தாவதும் ஆறாவதும் ஏழாவதும் நான்காவதின் நகல். நான்காவது மூன்றாவதைச் சுருக்கியது. இப்படியே பின்னால் போனேன். ஒவ்வொரு படி பின்னால் போகும்போதும் கட்டுரை கொஞ்சம் நீளமாகியது. இரண்டாவது தளத்தில், மற்ற யாரிடமும் இல்லாத ஒரு துண்டு வாக்கியம் இருந்தது: நூல் கஞ்சி குடிப்பது போல.

அதைப் பார்த்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது.

முதல் தளத்தின் முன்னோட்ட வரிகள் மட்டும்தான் தேடலில் மிஞ்சியிருந்தன, தளம் மூடியிருந்தது. காப்பகத்தில் அதன் நகல் கிடைத்தது. ‘உளுந்து விதை நேர்த்தி: வீட்டிலேயே செய்ய ஐந்து எளிய முறைகள்.’ பெயர் இல்லை. ஐந்தாவது முறையின் கீழ் முழு வாக்கியமும் இருந்தது: நூல் சிட்டம் கஞ்சியைக் குடிப்பது போல, விதை உப்புத் தண்ணீரைக் குடிக்க அரை மணி நேரமாவது வேண்டும்.

உழவு தெரிந்தவர் யாரும் இந்த உவமையை எழுத மாட்டார். நெசவாளி வீட்டில் பிறந்தவள்தான் எழுதுவாள்.

எனக்கு அந்த நாள்கூட நினைவுக்கு வந்தது. ஐந்து முறை கேட்டிருந்தார்கள், நான்குதான் கிடைத்தது. நெல் விதையை உப்புத் தண்ணீரில் போட்டுப் பதரைப் பிரிக்கும் முறை எங்கோ படித்திருந்தேன். நெல் என்ற இடத்தில் உளுந்து என்று போட்டேன். நெல்லைக்கூட உடனே எடுத்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. எவ்வளவு நேரம் என்று எண் வேண்டும். நெசவுக்கு முன்னால் நூல் சுருளான சிட்டத்தைக் கஞ்சியில் போட்டால் அப்பா அரை மணி கழித்து எடுப்பார். அதை எழுதினேன். கட்டுரை திரும்பி வரவில்லை.

பெயர் இல்லாத கட்டுரை. தளமும் மூடிவிட்டது. அந்த முறையைக் கையேட்டிலிருந்து நீக்கிவிட்டு, ஏழும் ஒன்றுக்கொன்று நகல், மூலம் கிடைக்கவில்லை என்று எழுதினால் மேடம் ஏற்றுக்கொள்வார். அட்டையில் என் பெயரும் இருக்கும். மதியம் வரை அப்படித்தான் செய்வதாக இருந்தேன். ஒன்றுதான் இடித்தது. செல்வியிடம் போய் ‘அது தப்பு’ என்று சொன்னால், யார் சொன்னது என்று அவள் கேட்பாள். ஏழு பேர் சொன்னதற்கு எதிராக நான் ஒருத்தி. மூலம் யார் என்று காட்டாமல் அவளை நம்பவைக்க என்னிடம் எதுவும் இல்லை.

மேடத்துக்குப் போன் செய்தேன். சாப்பிட்டாச்சா என்றார். இல்லை என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

“அட்டவணையில ஏத்திட்டீங்களா?” என்றார் கடைசியில்.

மரியாதை வந்துவிட்டது. எதை ஏற்ற வேண்டும் என்று கேட்டேன்.

“யார் சொன்னதுங்கிற கட்டத்துல உங்க பேரு. எப்படித் தெரியும்ங்கிற கட்டத்துல ‘தெரியாது’. தேதி போடுங்க. அதோட ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கிட்டு அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே போங்க. அமைப்புக்கு நான் சொல்லிக்கிடுதேன். அட்டையில பேரு போடுறதும் போடாததும் அவங்க இஷ்டம்.”

அமைப்பு அட்டையிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டது. கையேட்டை முடித்துக் கொடுக்க மட்டும் அனுமதித்தது. அது நியாயம்தான்.

செல்வியிடம் இந்த முறை நோட்டு கொண்டுபோகவில்லை. போனில் அந்தப் பழைய பக்கத்தைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். அவள் எழுத்துக்கூட்டி மெதுவாக வாசித்தாள். நூல் சிட்டம் என்ற இடத்தில் நிமிர்ந்தாள். அது எங்கள் அப்பா என்றேன். எழுதியது நான் என்றேன்.

போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“நீ உளுந்து வெதச்சிருக்கியா?”

“இல்ல.”

“கையால ஒரு வெத ஊறப்போட்டுப் பாத்திருக்கியா?”

“இல்ல.”

“பொறவு எதுக்கு ஏட்டி எழுதின?”

“அஞ்சு கேட்டாங்க. நாலுதான் இருந்துச்சு.”

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை. போன வருஷம் அந்த ஆறு பேரும் ஆளுக்கொரு காரணம் சொல்லித் தங்களையே திட்டிக்கொண்டதைச் சொன்னாள். ஒருத்தி தன் உப்பு சரியில்லை என்றாள், ஒருத்தி தான் தீட்டோடு தொட்டதால்தான் என்று அழுதாள். எழுதியவனை யாரும் குறை சொல்லவில்லை என்றாள். பிறகு உள்ளே போய், இந்த ஆண்டுக்கு வைத்திருந்த விதையிலிருந்து இரண்டு கை அள்ளி ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தாள்.

“வெறும் வாயால தப்புன்னு சொன்னா பதினாலு பேரும் கேக்க மாட்டாளுவ. நீயே ஊறப்போட்டு முளைக்குதான்னு பாத்துட்டு வா. வந்து அவளுவ முன்னால காட்டு.”

வீட்டில் நூறு நூறாக எண்ணி மூன்று பங்கு வைத்தேன். ஒன்று அப்படியே. ஒன்று உப்புத் தண்ணீரில் அரை மணி நேரம். ஒன்று, அவர்கள் முடிவு செய்திருந்த ஒரு மணி நேரம். அப்பா நெய்த துணியில் மூன்று துண்டு கிழித்து நனைத்து, விதையைப் பரப்பிச் சுருட்டி வைத்தேன். என்ன செய்கிறாய் என்று அப்பா கேட்டார். சரிபார்க்கிறேன் என்றேன். நான்காம் நாள் பிரித்தேன். ஊறாத நூறில் ஒன்பதைத் தவிர எல்லாம் முளைவிட்டிருந்தன. அரை மணி நேரத்தில் நாற்பத்தொன்று. ஒரு மணி நேரத் துணியில் முளைத்ததை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணி முடித்தேன்.

மூன்று துணியையும் டிபன் டப்பாவில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனேன். பதினான்கு பெண்களும் வேப்பமரத்தடியில் வந்து குனிந்து பார்த்தார்கள். செல்விதான் பேசினாள். இவதான் எழுதினவ, இவளே சொல்லுதா என்று என்னைக் காட்டினாள். தீட்டு என்று அழுத பெண் யார் என்று எனக்குத் தெரியாது. ஒருத்தி மட்டும் மூன்றாவது துணியை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள்.

அந்தப் புரட்டாசியில் யாரும் உப்புத் தண்ணீர் பயன்படுத்தவில்லை. ஐப்பசியில் செல்வி ஒரு படம் அனுப்பினாள். கரிசல் மண்ணில் நேராக வரிசை வரிசையாக இரண்டிலைப் பயிர். கீழே இரண்டே சொல்: முளச்சிட்டு ஏட்டி.

ஏழு தளங்களில் திறந்திருந்தவற்றுக்கு எழுதினேன். இரண்டு பேர் அந்த முறையை நீக்கினார்கள். ஒருவர் உங்களிடம் என்ன ஆதாரம் என்று கேட்டார். மூன்று துணியின் படத்தை அனுப்பினேன், பதில் இல்லை. பச்சைப் பின்னணிப் படம் இன்னும் சுற்றுகிறது. போன மாதம் அம்மாவின் போனுக்கே வந்தது. இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். வாசித்தேன். இது தப்பு, நான் எழுதியது என்றும் சொன்னேன். நீ எழுதியதா என்று முகம் மலர்ந்தவர், தப்பு என்றதைப் பிறகுதான் காதில் வாங்கினார். அதற்குள் யார் யாருக்கு அனுப்பினாய் என்று கேட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

ஷம்சாத்துக்கு அனுப்பிய பட்டியலில் முப்பதுக்கு மேற்பட்ட தளங்கள் இருக்கின்றன. மேடத்தின் அட்டவணையைப் போலவே நான்கு கட்டங்களில் போட்டிருக்கிறேன். முதல் வரியில் இருப்பது காப்பகத்தில் கிடக்கும் அந்தப் பழைய பக்கத்தின் இணைப்பு. யார் சொன்னது என்ற கட்டத்தில் என் பெயர். எப்படித் தெரியும் என்ற கட்டத்தில் ‘தெரியாது’.

பட்டியல் கிடைத்த கொஞ்ச நேரத்தில் அவள் கூப்பிட்டாள்.

“அக்கா, ஃபர்ஸ்ட் லைன்ல உங்க பேரு வந்துட்டு. மாறி ஏறிருக்கும், எடுத்துரட்டா?”

“எடுக்காத,” என்றேன். “அது மட்டும்தான் நான் முழுசாச் சரிபார்த்தது.”